மேல்தோல்

"உள்ளே இருக்கிறதை நான் எப்பம்மா பார்க்கப் போறேன்?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

கேள்வி என்னவோ பெரிய கேள்விதான். கேட்டவர் ஸ்டிக்கர் விற்கிறவர்.

மடத்தம்மா முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு அடுப்படி, வாசலில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு வயதும் முப்பத்தாறுக்கு மேல் இராது. தவசிலிங்கத்தின் கடைசித் தங்கச்சியைவிடச் சின்னவர். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், ஐம்பத்தொரு வயது தவசிலிங்கம் உட்பட. அந்த அம்மா அவரை அண்ணாச்சி என்றார்.

"அண்ணாச்சிக்கு என்ன ஜோலி?"

அதற்குத்தான் காத்திருந்தவர் போலத் தவசிலிங்கம் கொட்டித் தீர்த்துவிட்டார். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. பாட்டிலுக்கு லேபிள், மிட்டாய்க்கு உறை, மசாலாவுக்குப் பவுச், சேலைக்கு அட்டைப்பெட்டி. கேட்ட அளவில், கேட்ட நிறத்தில் அடித்துக் கொடுப்பார்கள். தோளில் சாம்பிள் பையைத் தூக்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது.

"எண்ணெய் வரும், போகும். மாவு வரும், போகும். எதுவும் என்னுது இல்லை. நான் வெறும் மேல்தோலும்மா. மேல்தோலை வித்தே ஆயுசு போயிருச்சு."

சொல்லிவிட்டு அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். வெளியே தெரிவதெல்லாம் பொய், அதை விட்டுத்தள்ளு, உள்ளே போ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவருக்கு ஆசை. அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் அவருக்கு ரொம்ப வசதி.

வசதி ஏன் என்பதை அவர் சொல்லவில்லை. வயிற்றுவலிக்காரன் வைத்தியரிடம் போய் உலகம் எப்போது அழியும் என்று கேட்டால் என்ன அர்த்தம்? வலியைச் சொல்ல பயம் என்று அர்த்தம்.

மடத்தம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"பையில என்ன இருக்கு?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார் தவசிலிங்கம். அச்சுக்குப் போகும் முன் வாடிக்கைக்காரரிடம் காட்டுகிற புரூஃப் அது. சத்துமாவுப் பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிள். மஞ்சள் பின்னணியில் கன்னம் உப்பிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"வாசிங்க."

தவசிலிங்கம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சள் ஒரு பொட்டு தூக்கலாக இருக்கிறது, அடுத்த புரூஃபில் குறைத்துவிடலாம் என்றார்.

"வாசிங்க, அண்ணாச்சி."

அவர் நகத்தால் ஓரத்தைத் தடவினார். கட்டிங் சுத்தம். பசை நல்ல பசை, ஈரப்பதத்துக்கும் கிளம்பாது.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். கோயிலில் பிரசாதம் கொடுத்தால் வாயில் போடும் முன் கவரின் ஒட்டைப் பார்ப்பார். சம்பந்தி வீட்டு விருந்தில் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பி லேபிளின் ஓரத்தைச் சுரண்டி மனைவியிடம் இடுப்பில் இடி வாங்கியவர். லேபிள் என்றால் அவருக்கு நிறம், அளவு, பசை. எழுத்து என்பது கோடு தவறாமல் நிற்க வேண்டிய கறுப்பு. அதில் சொல்லும் பொருளும் இருக்கிறது என்பதை அந்தத் தொழிலில் இருக்கிறவன்தான் முதலில் மறப்பான்.

"வாசிங்க," என்றார் மடத்தம்மா மூன்றாம் முறை. குரல் உயரவில்லை.

தவசிலிங்கம் முதல் வரியில் விரல் வைத்தார்.

"குழந்தைகளுக்கான சத்துமாவு. பதினாறு வகைத் தானியம். ஆறு மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம். தயாரித்த நாள்..."

அங்கே நின்றுவிட்டார்.

மடத்தம்மா எட்டிப் பார்த்தார். "இது அடுத்த மாசம் ரெண்டாம் தேதில்லா? மாவு இன்னும் அரைக்கலையா?"

"அரைச்சாச்சும்மா."

"எப்ப?"

வேப்பமரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து, கத்தி, பறந்தும் போய்விட்டது.

"போன வருஷம் ஆடியில."

அப்புறம் வலியைச் சொன்னார். தேனியில் குலசேகரன் என்று ஒரு மாவு மில்காரர். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவர் வீட்டு இலையில் தவசிலிங்கம் எத்தனையோ நாள் கை நனைத்திருக்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. போன மழைக்குக் குடோன் ஒழுகி நாலாயிரம் பாக்கெட் தேங்கிவிட்டது. தேதி முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சிலதில் வண்டு பிடித்திருக்கிறது. பழைய லேபிளின் மேல் ஒட்ட, தேதியை மட்டும் மாற்றிப் புது லேபிள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று போனில் கேட்டார். மாதம் தவறாமல் நேரில் ஆர்டர் கொடுக்கிற ஆள், இதை மட்டும் போனில் கேட்டார். நேரில் கேட்க அவருக்கும் கூச்சம்.

பிரஸ் முதலாளியிடம் சொன்னால், அந்த ஆர்டர் போனால் நீரும் கூடவே போய்க்கொள்ளும் என்றுவிட்டார். ஐம்பத்தொரு வயதில் சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு எந்தப் படி ஏறுவது? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கும்மா," என்று தாளின் கீழ்மூலையைக் காட்டினார் தவசிலிங்கம். அங்கே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. "வாடிக்கைக்காரர் இதுல கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்கு ஏத்துவோம். போட்டுட்டா அதுல உள்ள சரி தப்பு எல்லாம் அவங்க பாடு. எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?"

"அம்புக்குக் கண்ணு கிடையாது, அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து அடுப்படிக்குள் போனார். தவசிலிங்கமும் பின்னால் போனார்.

அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பலகையில் நாலு கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. நாலிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ. ஒவ்வொன்றின் கழுத்திலும் எழுதிய காகிதத்தை நூலால் கட்டியிருந்தார்கள். உப்பு, சர்க்கரை, பச்சரிசி மாவு, எறும்பு மருந்து. கடைசி ஜாடிதான் பலகையின் ஓரத்தில் தனியாக இருந்தது.

காகிதம் அழுக்கடைந்துவிட்டது, நல்ல லேபிளாக எழுதி ஒட்டித் தரமுடியுமா என்று கேட்டார் மடத்தம்மா. தவசிலிங்கத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தெரிந்த வேலை அல்லவா? பையிலிருந்து வெற்று ஸ்டிக்கர் தாளும் பேனாவும் எடுத்து, முத்து முத்தாக நாலு பெயரையும் எழுதினார். பழைய நூலை அறுத்து, ஜாடிகளைத் துடைத்தார். சர்க்கரை என்கிற லேபிளைச் சர்க்கரை ஜாடிக்கு நேராகக் கொண்டுபோனார்.

"அதுல ஏன் ஒட்டுறீங்க?"

"சர்க்கரை இதுலதானம்மா இருக்கு?"

"மேல்தோல்தானே. எங்க ஒட்டினா என்ன?"

தவசிலிங்கம் சிரித்தார். வெளியே தெரிவது பொய் என்று சொல்லத்தான் அம்மா இந்த விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார். அந்த வார்த்தை எப்படியும் வரத்தான் போகிறது. ஒரு வேகத்தில், உப்பு ஜாடியில் மாவு என்றும், மாவு ஜாடியில் உப்பு என்றும் ஒட்டினார். சர்க்கரை ஜாடியில் எறும்பு மருந்து. எறும்பு மருந்து ஜாடியில் சர்க்கரை. குமிழி இல்லாமல், சுருக்கம் இல்லாமல், கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினார். கைவேலையைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

மடத்தம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்தார். டம்ளரில் பிழிந்தார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். பலகையைப் பார்த்தார். சர்க்கரை என்று எழுதியிருந்த ஜாடியை எடுத்து, இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

அப்போதும் தவசிலிங்கம் விளையாட்டு என்றுதான் நினைத்தார்.

மடத்தம்மா டம்ளரைத் தூக்கினார். கண்ணில் விளையாட்டு இல்லை. தாகத்துக்குக் குடிக்கிற ஒருத்தி எப்படிக் குடிப்பாளோ அப்படித்தான் டம்ளர் வாய்க்குப் போனது.

தவசிலிங்கத்தின் கை தன்னால் பாய்ந்தது. டம்ளர் சுவரில் மோதி, தரையில் உருண்டு, அடுப்புக்கு அடியில் போய் நின்றது. அந்த அம்மாவின் சேலையெல்லாம் நனைந்துவிட்டது.

"அது மருந்தும்மா!"

"சர்க்கரைன்னு போட்டிருக்கே."

"போட்டிருந்தா? உள்ள இருக்கிறது..."

"நான் உள்ள போய்ப் பார்க்கலை, அண்ணாச்சி. நீங்க எழுதினதைத்தான் பார்த்தேன்."

தவசிலிங்கம் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேத்தி ஞாபகம் வந்தது. எட்டு மாதக் குழந்தை. மகள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையில் நின்று ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். அவளுக்குக் குடோன் தெரியாது, மழை தெரியாது, குலசேகரனைத் தெரியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம் அந்த நாலு வரிதான். அவர் அழுதார். மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உடைந்தது.

முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் மாட்டேன்னா வேற பிரஸ்ல அடிச்சிருவாங்கம்மா. சிவகாசியில பிரஸ்ஸுக்கா பஞ்சம்? என் வேலைதான் போகும். மாவு பிள்ளைங்க வயித்துக்குத்தான் போகும்."

அது சாக்கு இல்லை. நிஜமாகவே அவருக்கு இருந்த பயம் அது. மடத்தம்மாவும் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து, அடுப்புக்கு அடியிலிருந்து டம்ளரை எடுத்தார். விளிம்பு நசுங்கியிருந்தது.

"இதைத் தட்டும்போது, வேற யாராவது வந்து தட்டுவாங்களான்னு பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"நான்தானே பக்கத்துல இருந்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

மடத்தம்மா தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனார். தவசிலிங்கம் எழுந்தார். முதலில் ஜாடிகள் பக்கம் போய், நாலு லேபிளையும் நகத்தால் பெயர்த்து எடுத்தார். நல்ல பசை. லேசில் வரவில்லை. பொறுமையாகச் சுரண்டி, ஒவ்வொன்றாக எழுதி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, அதற்கு அப்புறம் ஒட்டினார். எறும்பு மருந்தைக் கை எட்டாத மேல் பலகையில் ஏற்றி வைத்தார்.

பிறகு புரூஃப் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

"அம்மா, தேனிக்குப் பஸ் எத்தனை மணிக்கு?"