பொம்மை அழுத கிடங்கு

இருட்டிய பிறகு கிடங்கின் மேலடுக்கில் ஒரு குழந்தை "அம்மா" என்று அழுதது. இரவுப் பணிக்கு வந்த ரெஜினா பதறி மேலே ஓடினாள். பார்த்தால், பெட்டியில் அடைந்து கிடந்த பேசும் பொம்மை. வீட்டில் அவள் கைக்குழந்தை தங்கையிடம் இருந்தது. கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் தங்கை தாழ்ப்பாள் போட்ட சத்தம் விடியும்வரை காதிலேயே நின்றது.

காலையில் மேலாளர் துவாரகநாத்திடம் கேட்டாள். "சார், இந்தப் பொம்மைங்களைச் செஞ்சி ஊர்ல இருக்குற நம்ம கடைக்கு அனுப்பலாமே?"

"அங்க ஒண்ணுகூட வித்ததில்ல. எந்தக் கடைக்கு எது அனுப்பணும்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேரே யாருக்கும் வேணாம்னு சொல்லுது. அதை மிஞ்சின ஆளா நீ? தப்புன்னு நிரூபி, நீ ஏங்குற பகல் ஷிஃப்ட் பிளானிங் வேலையைத் தர்றேன்!"

அலுவலகக் காபிக்கும் சாஃப்ட்வேர்தான் ஆர்டர் போட வேண்டும் என்பது அவர் உத்தரவு. அது உளறினால் இரவில் ரெஜினா திருத்திவிடுவாள். அன்றிரவு அவள் திருத்தவில்லை.

மறுநாள் துவாரகநாத் கத்தினார். "எங்க என் காபி?"

"இந்த மாடியில யாருக்கும் காபி வேணாம்னு சாஃப்ட்வேரே சொல்லுது சார். போன வாரம் ஒரு கப்கூடப் போகலையே."

"போன வாரம் பூரா மெஷின் ரிப்பேரும்மா! இல்லாத காபியை எப்படிக் குடிக்கிறது?"

"செஞ்சிக்கும் நாம பொம்மையே அனுப்பல சார். இல்லாததை எப்படி வாங்குவாங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். பொம்மைகள் அன்றே லாரி ஏறின. இன்னும் வேண்டுமென்று செஞ்சியிலிருந்து போன் வந்த பிறகு துவாரகநாத்தால் வாக்கு மாற முடியவில்லை.

பகல் வேலையின் முதல் நாள். இருட்டியதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெஜினா வீட்டுக் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தன் கையாலேயே தாழ்ப்பாள் போட்டாள்.