மாப்பிள்ளையின் காய்ச்சல் இறங்கிய விதம்

மூளையைப் பங்கு வைத்த அன்று மொத்தமாகத் திருவிழாவுக்குப் போய்விட்டவர்கள் கொட்டாங்குளத்துக்காரர்கள் என்று சொல்வார்கள். அவர்களிலும் தளவாய், சங்கிலி, ஆவுடை என்ற மூன்று சேக்காளிகள் கடைசியாகத்தான் ஊர் திரும்பியிருக்க வேண்டும்.

ஒரு வருஷம் ஜில்லா முழுக்க விஷக்காய்ச்சல். தளவாய்க்குக் கல்யாணம் வெள்ளிக்கிழமை. காய்ச்சல் வந்தது செவ்வாய்க்கிழமை. பெண்ணின் அப்பா கொம்பையா சொல்லி அனுப்பினார்: "முகூர்த்தத்துக்கு முன்னால தொட்டுப் பார்ப்பேன். சுடாத மாப்பிள்ளைக்குத்தான் என் பொண்ணு."

நர்ஸம்மா வந்து மாத்திரை கொடுத்து, மூன்று வேளை போடச் சொல்லிவிட்டுப் போனார். சங்கிலிக்கு மனசு ஆறவில்லை.

"அந்தம்மாவுக்கு ஒரே ஒரு மருந்துதான்லே தெரியுது. என் போனைக் கேட்டா ரெண்டு லட்சம் சொல்லுது."

"ரெண்டு லட்சத்தையும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணுமே," என்றான் ஆவுடை கவலையோடு. "இப்பவே ஆரம்பிப்போம்."

முதல் வைத்தியம் வெயிலில் படுக்கச் சொன்னது. இரண்டாவது, நிழலை விட்டு நகரவே கூடாது என்றது. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று தளவாயை வாசல்படியில் கிடத்தி, கால்களை வெயிலுக்கும் தலையை நிழலுக்கும் கொடுத்தார்கள். வெயில் நகர நகர அவனையும் இழுத்து இழுத்து வைத்ததில், சாயங்காலம் அவன் அடுத்த தெருவில் கிடந்தான்.

மூன்றாவது, மிளகுக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்குச் சொல்லச் சொன்னது.

"நாம மூணு பேர். ஆளுக்கு மூணு தடவை கேட்டா ஒன்பது," என்றான் ஆவுடை.

"பத்தாவது?"

"எருமை சும்மாதானே நிக்குது."

எருமையிடம் சொன்னார்கள். அது பாதியில் நடந்து போய்விட்டதால், மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம், நானூறாவது வைத்தியத்தைத் தேடிக்கொண்டிருந்த சங்கிலி போனைக் கீழே போட்டான்.

"லே, இது கொதிக்குது."

ஆவுடை ஒரு கையைப் போன்மேலும் ஒரு கையைத் தளவாயின் நெற்றியிலும் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"இதுக்குத்தான் ஜாஸ்தி. மூணு நாளா காய்ச்சல், காய்ச்சல்னே கேட்டுக்கிட்டிருந்தா ஒட்டாம என்ன செய்யும்?"

"அப்போ என் காய்ச்சல்?" என்றான் தளவாய் நடுங்கிக்கொண்டே.

"இருந்தது ஒரு காய்ச்சல்தானலே. அது இங்க வந்துட்டுன்னா உங்கிட்ட எப்படி இருக்கும்? சும்மா நடுங்காதே."

நர்ஸம்மா கொடுத்த மாத்திரை அப்படியே இருந்தது. சின்ன உடம்பு தாங்காது என்று பாதியை உடைத்துப் பொடித்து, கஷாயத்தில் குழைத்து, சார்ஜ் போடும் ஓட்டை வழியாக ஊட்டினார்கள். போன் ஒரு தடவை மினுக்கிவிட்டு இருண்டது. கால் மணி நேரத்தில் சில்லென்று ஆகிவிட்டது.

"அசந்து தூங்குது, பாவம்," என்றான் சங்கிலி.

வெள்ளிக்கிழமை கொம்பையா வந்து தளவாயின் நெற்றியைத் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சுடுதே."

"ஆளை மாத்தித் தொடுதீங்க மாமா," என்று சங்கிலி போனை நீட்டினான். "காய்ச்சல்காரர் இவர்தான். நேத்து கொதிச்ச கொதி என்ன, இப்போ பாருங்க."

கொம்பையா புறங்கையால் தொட்டார். திருப்பிப் போட்டும் தொட்டார். முகம் மலர்ந்தது.

"சுடாத மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணுன்னு சொன்னேன். சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்."

போனுக்கு மாலை போட்டு மணையில் வைத்தார்கள். மணப்பெண் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இவரு ஒரு வார்த்தைகூடப் பேசலையேப்பா."

"முத நாள்ல அப்படித்தாம்மா. நானும் அப்படித்தான் இருந்தேன்."

பந்தல் ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற தளவாய் கெஞ்சினான். "லே சங்கிலி, என்னை மாப்பிள்ளைத் தோழனாவாவது நிக்க விடுங்கலே."

சங்கிலிக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"நில்லுலே, யாரு வேண்டாம்னா? ஆனா நாலடி தள்ளி நில்லு. தாலி கட்டுத நேரத்துல மாப்பிள்ளைக்கு மறுபடியும் ஒட்டிக்கிட்டா யார் பதில் சொல்லுதது?"