ஒன்பது வீட்டுச் சோறு

பந்திப் பொறுப்பு கைமாறி நாலு வாரம் கழித்து, அசனப் பண்டிகை முடிந்த அன்று சாயங்காலம், ஞானசிகாமணி குருமனைக்கு வந்து தம் குருவானவரிடம் கேட்டார்.

“ஐயா, எங்கிட்ட என்ன குறையக் கண்டீங்க?”

கேட்டவருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தாறு. சபையில் இப்படி அமைவது உண்டு. அவர் இவரை ‘ஐயா’ என்பார், இவர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சிரமம் இருந்ததில்லை, இந்த நாலு வாரம் தவிர.

சிகாமணி ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வருஷத்துக்கு ஒரு நாள் சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பந்தியை, பதினாறு வருஷமாக அவர்தான் நடத்தினார். பந்தியையும் பேருந்து மாதிரிதான் நடத்துவார். “உள்ளே தள்ளி உக்காருங்க, கால மடக்குங்க, அடுத்த பந்தி இருக்கு” என்று அவர் போடும் சத்தம் கோபுர மணியைத் தாண்டிக் கேட்கும்.

இந்த வருஷம் அந்தப் பொறுப்பைச் சுகிர்தத்திடம் கொடுத்தார் குருவானவர். சுகிர்தம் தையல் கடை வைத்திருப்பவள். மூன்று வருஷம் சிகாமணிக்குக் கீழே குழம்பு வாளி தூக்கியவள். சபையில் அறிவிப்பதற்கு முன்பே குருவானவர் வீடு தேடி வந்து சிகாமணியிடம் சொன்னார். “ரொம்ப சந்தோஷம்யா” என்றார் சிகாமணி. அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்களில் அது ஒன்று.

அன்றைக்குப் பந்தி நன்றாக நடந்தது. அதுதான் வினை. ஒருத்தரும் முண்டியடிக்கவில்லை. கடைசிப் பந்திக்கும் கறி கிடைத்தது. சாப்பிட்டு எழுந்தவர்கள் கை கழுவிக்கொண்டே, “இந்த வருஷந்தாம்பா நிம்மதியா சாப்பிட்டோம்” என்றார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் சிகாமணியின் சொந்தக்காரர்கள். அவருக்கு வயிறு எரிந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உப்பு இருந்தது.

குருவானவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

“குறை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பதினாறு வருஷத்துல பண்டிகை அன்னைக்கு ஒரு தடவ உங்களுக்குக் காய்ச்சல் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன். பயமா இருந்தது.”

“வரல்லியே ஐயா.”

“வரல்ல.”

சிகாமணி சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து பொத்தி வைத்திருந்ததை எடுத்தார்.

“ஒன்பது வீட்டுக்குச் சோறு போகல்ல, தெரியுமா?”

படுத்த படுக்கையாக இருக்கிறவர்களின் வீடுகள் அவை. சோறு வேகும் பெரிய கிடாரத்தைத் திறந்ததும் முதல் அகப்பை அவர்களுக்குத்தான். ஆட்கள் பாய் விரித்துக்கொண்டிருக்கும்போதே சிகாமணி தூக்குச்சட்டிகளோடு சைக்கிளில் போய்விட்டு, ஜெபம் தொடங்குமுன் திரும்பிவிடுவார். யாருக்கு எலும்பில்லாத கறி, யாருக்குக் காரம் ஆகாது, எந்த வீட்டில் பின்வாசலைத் தட்ட வேண்டும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எழுதி வைத்ததில்லை. யாரையும் கூட்டிப்போனதும் இல்லை.

குருவானவரின் முகம் மாறியது.

“சுகிர்தத்துக்கு அது தெரியாதா?”

“பொறுப்பு எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?”

“நீங்க சொல்லல்லியா?”

“அவ கேக்கல்ல.”

“ஒண்ணுமே கேக்கல்லியா?”

சிகாமணி தரையைப் பார்த்தார். “நேத்து பந்தி வேலையெல்லாம் எழுதின நோட்டக் கொண்டுவந்து காமிச்சா. எதையாவது விட்டுட்டேனா அண்ணாச்சின்னு கேட்டா. சோத்தப் பத்திக் கேக்கல்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எல்லாம் சரியா இருக்குன்னேன்.”

குருவானவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சிகாமணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை கைவசம் வைத்திருந்தார். குருவானவர் எழுந்து சமையல் கொட்டகைக்குப் போனார். கிடாரத்தின் அடியில் இருந்த சோற்றை வழித்தார். குழம்பில் கறித்துண்டு தேடி எடுத்தார். ஒன்பது சட்டிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. பாதிச் சட்டிகளைத் தாம் தூக்கிக்கொண்டார்.

“முதல்ல எந்த வீடு அண்ணாச்சி? எனக்கு வரிசை தெரியாது.”

முதல் வீடு அன்னப்பழத்தம்மாள் வீடு. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வருஷமாகக் கட்டிலில் இருக்கிறவர். சிகாமணி உள்ளே போனார். குருவானவர் வாசலிலேயே நின்றார்.

கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் கழுவிய தட்டு ஒன்று காலியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, தொடாத கஞ்சி ஆறிப்போய் இருந்தது.

“யாரு, சிகாமணியா?” அந்த அம்மாள் கையை நீட்டித் தடவினார். கண் பார்வையும் குறைவு. “நீதானா? நல்லா இருக்கியா ஐயா? உடம்புக்கு ஒண்ணுமில்லியே?”

“நல்லாத்தான் இருக்கேன் பெரியம்மா.”

“மணி பன்னண்டு ஆச்சு, ஒண்ணு ஆச்சு, நீ வரல்ல. உனக்கு என்னவோ ஆயிட்டுன்னு நெனச்சேன். உசுரு இருந்தா சிகாமணி வராம இருக்க மாட்டானேன்னு மருமகட்ட சொன்னேன். அவ கஞ்சி கொண்டாந்தா, எனக்கு எறங்கல்ல. ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, சைக்கிள்ல எங்கயும் விழுந்து கிழுந்து கிடக்கக்கூடாதுன்னு, அப்ப இருந்து ஜெபம் பண்ணிக்கிட்டே கெடக்கேன்.”

சிகாமணி சோற்றைப் பிசைந்தார். கறியை விரலால் நசுக்கிப் போட்டார். தட்டை அந்த அம்மாளின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

“என்ன பேச்சக் காணோம்? சாப்பிட்டியா நீ?”

“சாப்பிட்டேன் பெரியம்மா.”

இரண்டாவது வீட்டில் யேசுவடியான் என்பவர், பக்கவாதக்காரர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சட்டியை வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வீட்டில் ஏற்கெனவே இட்லி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அங்கே படுக்கையில் இருந்த அம்மாளின் மகன் கதவோரம் நின்று சட்டியைத் திறந்து பார்த்தான்.

“இப்பதான் நினைப்பு வந்துதாக்கும். பொம்பள கையில பொறுப்பக் குடுத்தா இப்படித்தான். உங்க காலத்துல இப்படி நடந்திருக்குமா மாமா?”

காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சிகாமணி கொட்டகைக்கும் கோயில் வாசலுக்கும் நடையாய் நடந்தார். ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தாவது அது வராதா என்று காத்திருந்தார். இப்போது வந்துவிட்டது. குருவானவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ கேட்டா” என்றார் சிகாமணி. “நான்தான் சொல்லல்ல.”

“என்னது?”

“ஒன்பது வீடு இருக்குன்னு அவகிட்ட நான் சொல்லல்ல. வேணும்னேதான் சொல்லல்ல. அவளக் குத்தம் சொல்லாதீங்க.”

மகன் குருவானவரைப் பார்த்தான். அவர் அடுத்த சட்டியைக் கை மாற்றிக்கொண்டார். மிச்சம் இருந்த ஆறு வீடுகளிலும், ஏன் தாமதம் என்று கேட்டவர்களுக்கு சிகாமணி அதையேதான் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லச் சொல்ல அந்தத் தப்பு கொஞ்சம் சின்னதாக ஆகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை.

காலிச் சட்டிகளோடு திரும்பினார்கள். கோயில் வளாகத்தில் சுகிர்தமும் நாலைந்து பேரும் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தது தூரத்திலேயே தெரிந்தது. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிகாமணி நின்றுவிட்டார்.

“பாருங்க, இப்பவும் எரியுது ஐயா. இவ்வளவு நடந்த பிறகும் அவ சிரிக்கிறதப் பாத்தா உள்ள எரியுது. இது எப்பய்யா போகும்?”

“எனக்குத் தெரியல்ல அண்ணாச்சி.”

“ஐயா தெரியல்லன்னு சொன்னா நான் எங்க போவேன்?”

குருவானவர் சட்டிகளைக் கீழே வைத்தார்.

“நாலு வருஷமா மாசா மாசம் அந்த ஒன்பது வீட்டுக்கும் திருவிருந்து அப்பமும் ரசமும் கொண்டு போறேன். உங்கள மாதிரி வருஷத்துக்கு ஒரு நாள் இல்ல. ஒரு மாசம் எனக்கு மலேரியா வந்து போகல்ல. அடுத்த மாசம் போனப்ப, போன மாசம் ஏன் வரல்லன்னு அன்னப்பழத்தம்மா கேக்கவே இல்ல. நீங்க ஒரு மத்தியானம் வரல்லன்னு அவங்க கஞ்சி குடிக்காம கெடந்திருக்காங்க.”

சிகாமணி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“வாசல்ல நின்னு அதக் கேட்டதுல இருந்து எனக்கும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு” என்றார் குருவானவர்.

அது விளையாட்டுப் பேச்சா என்று சிகாமணி அவர் முகத்தில் தேடினார். விளையாட்டு இல்லை.

“அப்ப நான் என்ன செய்யட்டும் ஐயா?”

“நாளைக்குச் சுகிர்தத்தக் கூட்டிக்கிட்டு ஒன்பது வீட்டுக்கும் போங்க. எந்த வீட்டுக்குப் பின்வாசல், யாருக்கு எலும்பில்லாத கறி, எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க. அடுத்த வருஷம் சட்டி சுகிர்தம் கையில போகட்டும்.”

சிகாமணி யோசித்தார். கிடாரம், வாளி, சத்தம், பேர் எல்லாம் போனது போகட்டும் என்று அவர் அந்தச் சாயங்காலத்தில் ஒருவழியாக மனசைத் தேற்றி வைத்திருந்தார். இது அவர் நினைக்காத இடம்.

“அப்போ ஒரு மணிக்குச் சோறு வரல்லன்னா, அந்தக் கிழவி அவளுக்காகல்லா ஜெபம் பண்ணுவா?”

“ஆமா அண்ணாச்சி” என்றார் குருவானவர். “நீங்க வாசல்ல நின்னு அதக் கேக்கணும்.”