அமைச்சரின் சட்டையில் ஓர் ஓட்டை

போரில் எதிரியின் மலையைப் பிடித்தவன் நான்தான் என்று பேசிப் பேசியே அமைச்சராகிவிட்டார் மேஜர் திருமேனிநாதன். அந்த மலையில் செத்தவனோ, அவர் வீட்டு வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் செம்பாயியின் தம்பி.

போர் நினைவுக் கண்காட்சிக்குப் போகவிருந்த தன் ராணுவச் சட்டையை அவளிடம் வீசினார். "இஸ்திரிப் பெட்டி நெருப்பை வச்சு நெஞ்சுல ஒரு குண்டு ஓட்டை போடு. இல்லேன்னா உன் வண்டி இங்க நிக்காது."

"சரிங்கய்யா" என்றாள்.

கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிவந்த கூட்டம் சிரித்தது. ஓட்டை முதுகில் இருந்தது.

"ஓடும்போது பட்டதுங்களா?" என்றார் ஒருவர்.

அமைச்சர், சட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்ற செம்பாயியிடம் பாய்ந்தார். "அடியே, நெஞ்சுலதானே போடச் சொன்னேன்!"

கூட்டம் பெட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பியது.

"வண்டியைத் தூக்கிக்கோங்க. நெஞ்சுல குண்டு வாங்கினது என் தம்பி. அந்த இடத்தை உங்களுக்கு எப்படிக் குடுப்பேன்?" என்றாள் செம்பாயி.