முள்ளம்பன்றி கழற்றிய பல்பு

மின்சாரம் எட்டிப் பார்த்திருந்த ஒரு காட்டில், குழந்தைகளே, முள்ளம்பன்றி ஒன்று தன்னந்தனியாக வாழ்ந்தது. முள் குத்திவிடும் என்று யாரும் அதன் வீட்டுப் பக்கம் போவதில்லை. வலியப் போய்ப் பேச அதற்கும் கூச்சம்.

பாறைமேல் ஒரு சூரியத் தகடும் பேட்டரியும் இருந்தன. அங்கிருந்து கிளம்பிய ஒற்றைக் கம்பி முயல் வீட்டு பல்புக்குள் நுழைந்து, குரங்கு வீட்டு பல்பு வழியாக முள்ளம்பன்றியின் பல்புக்கு வந்து, மறுபடி பேட்டரிக்கே திரும்பியது. மூன்று பல்பும் அழுது வடிந்தன.

ஒரு நாள் மாலை முள்ளம்பன்றியின் பல்பு கழன்று விழுந்தது. உடனே மூன்று வீடும் இருண்டுபோயின. முயலும் குரங்கும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தன.

"ஒரு பல்பை ஒழுங்கா மாட்டத் தெரியாதா உனக்கு?" என்று கத்தியது குரங்கு.

"இருட்டுன்னா எனக்குப் பயம்ண்ணே" என்று நடுங்கியது முயல்.

வாங்கியது என்னவோ திட்டுதான். ஆனாலும் முள்ளம்பன்றிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அதன் வாசலில் அதுவரை யாரும் வந்து நின்றதே இல்லை, பாவம். அதன்பின் தனிமை தாங்காத மாலைகளில் அது தானே பல்பைத் திருகிக் கழற்றத் தொடங்கியது.

பொறுமையிழந்த குரங்கு கீரியை அழைத்து வந்தது. கெட்டிக்காரக் கீரி கம்பியோடு கம்பியாக நடந்து பார்த்தது.

"எல்லா பல்பையும் ஒரே வரிசையில கோத்திருக்கீங்க. ஒண்ணு கழண்டா எல்லாம் அணையும். பேட்டரியோட பலத்தையும் மூணும் பங்கு போட்டுக்குது. ஆளுக்கொரு ஜோடி கம்பி தனியா இழுத்துடறேன். பேட்டரி சீக்கிரம் தீரும், பாத்து எரியவிடுங்க."

மறுநாள் மூன்று பல்பும் பளிச்சென்று எரிந்தன. குரங்கு குட்டிக்கரணம் போட்டது.

அன்று மாலையும் முள்ளம்பன்றி பல்பைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. எதிர் வீடுகளில் வெளிச்சம் அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை. அது இருட்டில் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. முள்ளம்பன்றி விசும்பி விசும்பி அழுதது.

அழுது ஓய்ந்ததும் பல்பைத் திரும்ப மாட்டியது. முள்ளையெல்லாம் படிய மடக்கிக்கொண்டு போய் முயலின் கதவைத் தட்டியது.

"யாரு, அண்ணனா? விளக்கு போயிடுச்சா?"

"இல்ல, நல்லா எரியுது. சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்கண்ணே. எனக்கும் தனியா இருக்கப் பயமாத்தான் இருக்கு."

நீதி: துணை வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்காதே, எழுந்து போய்க் கதவைத் தட்டு.