கல்லா, மீனா?

“இந்த ஆத்து மீன் என்னைக் கேலி பண்ணுது டீச்சர்,” என்றார் வைரக்கண்ணு.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீலகிரியின் தை மாதக் குளிரில், ஆற்று நடுவே நின்று அவர் இதைச் சொன்னது, மீன்பிடிக்கக் கற்க வந்த ஒன்பதாம் நாள். ஒன்பது நாளில் ஒரு ட்ரவுட் மீன்கூட அவர் கைக்கு வரவில்லை.

“டீச்சர்னு கூப்பிடாதீங்க சார். நான் மீன்குஞ்சுக்குத் தீனி போடுறவ,” என்றாள் ரெஜினா.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மேலே மீன் பண்ணையில் வேலை. அவருக்கு அறுபத்து மூன்று. கும்பகோணம் பக்கத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சொல்லிக்கொடுப்பவர் யாரானாலும் டீச்சர்தான் என்பதில் அவர் மாறவே மாட்டார்.

முதல் நாளே நிபந்தனையோடுதான் வந்தார்.

“மிதவை போட்டுப் பிடிக்கிறது வேணாம். ஐரோப்பாக்காரங்க நிம்ஃப் வச்சுப் பிடிக்கிறாங்களே, அது வேணும்.”

“அதுதான் சார் இருக்கிறதுலயே கஷ்டம்.”

“என் மாப்பிள்ளை பாவெல் செக் நாட்டுக்காரர். அவங்க ஊர்ல அப்படித்தான் பிடிப்பாராம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. கோவத்துல கல்யாணத்துக்கே நான் போகல. ஆறு வருஷம் ஆச்சு. தப்புதான். சித்திரைக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கேன். வந்தாங்கன்னா இந்த ஆத்துல அவர் பக்கத்துல நிக்கணும். பேச வேண்டியதில்ல, நின்னாப் போதும். என் பொண்ணு பார்ப்பா.”

ரெஜினா தூண்டில் கழியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

முறை, சொல்வதற்கு எளிது. பதினோரு அடிக் கழி. மெல்லிய நைலான் நரம்பு. நுனியில் நிம்ஃப். அதாவது, கல்லடியில் வாழும் பூச்சிக்குஞ்சு மாதிரி தூண்டில் முள்ளில் நூல் சுற்றிக் கட்டியது, தலையில் கனமான ஒரு குட்டி மணி. அது ஆற்றின் தரையை ஒட்டி உருண்டு போகும். மிதவை கிடையாது. நரம்பில் ஒரு முழம் மட்டும் ஆரஞ்சு நிறம். கண் அதில் இருக்க வேண்டும். கழியின் நுனி தண்ணீரின் வேகத்திலேயே கூடப் போக வேண்டும். நரம்பு தொய்யவும் கூடாது, இழுக்கவும் கூடாது.

ஆரஞ்சு ஒரு கணம் நின்றால் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானில்தான் வாத்தியார் மாட்டிக்கொண்டார்.

“நின்னுச்சு சார். ஏன் தூக்கல?”

“கல்லா இருக்கும்.”

“இப்பவும் நின்னுச்சு.”

“உறுதியாத் தெரியட்டும்.”

“உங்களுக்குத் தெரியிறதுக்குள்ள அது துப்பிட்டுப் போயிடும்.”

“கல்லா மீனான்னு தெரியாம எப்படித் தூக்கறது? அதுக்கு ஒரு விதி இருக்குமில்ல?”

ரெஜினா குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டு, தேங்காய் அளவுக்கு ஒரு கல்லை எடுத்தாள். அவருடைய பைக்குள் வைத்தாள்.

“ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கோங்க.”

வைத்துக்கொண்டார். வாத்தியார்கள் நல்ல மாணவர்கள்.

மறுநாள் கேட்டாள்: “கடிச்சுதா?”

“கல்லு எங்கேயாவது கடிக்குமா?”

“அப்புறம் எதுக்கு சார் அதுக்குப் போயி பயப்படுறீங்க?”

அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. ஆரஞ்சு அசைந்தாலும் வெட்டி இழுத்தார், அசையாவிட்டாலும் வெட்டி இழுத்தார். இரண்டு நிம்ஃப் மரக்கிளையில் போய்த் தொங்கின. மூன்றாவது, நரம்போடு அறுந்து ஆற்றோடு போனது. இருந்த நாலு மீனும் பயந்துபோய்ப் பாறைக்கடியில் பதுங்கியிருக்கும்.

ரெஜினா புதிதாக ஒன்று கட்டினாள். கட்டியதும் கட்டிங் பிளேயரை எடுத்து முள்ளின் வளைவை நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

“ஒரு வாரம் இதை வச்சுப் பிடிங்க.”

“முள்ளு இல்லாம மீன் எப்படி மாட்டும்?”

“மாட்டாது.”

“விளையாடுறீங்களா? சித்திரைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு தெரியுமா?”

கழியைக் கரையில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று மேலே பாலத்துக்கு ஏறிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்று. பாலத்தின் மேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வாராவாரம் அந்த நேரத்துக்கு செக் நாட்டிலிருந்து மகள் நித்திலா கூப்பிடுவாள்.

ரெஜினாவும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். வாத்தியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“சாப்ட்டியாம்மா?”

“ஆச்சுப்பா. நீங்க?”

“இனிமேதான். அங்க குளிரா?”

“மைனஸ் மூணுப்பா.”

“மாப்பிள்ளை நல்லா இருக்காரா?”

“ம்.”

“சித்திரைக்கு வர்றீங்கல்ல ரெண்டு பேரும்?”

“பார்க்கலாம்ப்பா. அப்புறம்…”

அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

“சரிம்மா, உனக்கு வேலை இருக்கும். வச்சுடட்டுமா?”

“சரிப்பா.”

வைத்துவிட்டார். “இவ்வளவுதான் பேசுவா,” என்றார் ரெஜினாவிடம். “ஆறு வருஷமா இதேதான். மனசுல இன்னும் கோவம் வச்சிருக்கா போல.”

ரெஜினா கை கழுவினாள்.

“நின்னுச்சு சார்,” என்றாள்.

வைரக்கண்ணு பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார். கழி கரையில் சாய்ந்தபடி இருந்தது. நரம்பு தண்ணீரிலேயே இல்லை.

“எது நின்னுச்சு?”

அவள் இறங்கிப் போய்விட்டாள்.

முள் இல்லாத நிம்ஃபோடு ஒரு வாரம். முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டே வீசினார். மூன்றாம் நாள் முறைப்பு போய்விட்டது. பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்றானதும் கை இளகிவிட்டது. மணி தரையில் உருளுவது, கல்லில் தட்டுவது, பாசியில் வழுக்குவது எல்லாம் விரலுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் ஆரஞ்சு நின்றது. மணிக்கட்டை லேசாக உயர்த்தினார். அந்தப் பக்கம் உயிர் ஒன்று துடித்தது. ஒரே துடிப்பு. விட்டுவிட்டுப் போனது.

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“கல்லுன்னா டக்குன்னு நிக்குது. மீன்னா தயங்குது டீச்சர்!”

“சில நேரம் கல்லும் தயங்கும் சார்.”

“அப்போ எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“கண்டுபிடிக்க வேணாம். ஒவ்வொரு தடவையும் ஒரு விரக்கடை தூக்கிப் பாருங்க. கல்லுன்னா திரும்ப விட்டுடுங்க. என்ன போச்சு?”

அடுத்த ஞாயிறு. ரெஜினா முள்ளோடு ஒரு நிம்ஃப் கட்டிக் கொடுத்தாள். வைரக்கண்ணு அதை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஆகப் போகிறது.

“பேசிட்டு வந்து வீசறேன்.”

பாலத்துக்கு ஏறினார். போன் அடித்தது.

“சாப்ட்டியாம்மா?”

“ஆச்சுப்பா. நீங்க?”

“ஆச்சு. குளிர் எப்படி?”

“பரவாயில்லப்பா. நேத்துதான் கொஞ்சம் வெயில் வந்துச்சு.”

“சித்திரைக்கு…”

“பார்க்கலாம்ப்பா. அப்புறம்…”

நின்றது.

சரிம்மா என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே இருந்தார். கழி இல்லாத வலது கையின் மணிக்கட்டு தானாக ஒரு விரற்கடை உயர்ந்தது.

“அப்புறம் என்னம்மா?”

மெதுவாகத்தான் கேட்டார். அந்தப் பக்கம் சத்தமில்லை. பாலத்தின் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா… பாவெல் இங்க இல்லப்பா. என்னை விட்டுட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சு.”

எட்டு மாதம். முப்பத்து நாலு ஞாயிறு. கணக்கு வாத்தியாரின் மனசு கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டது. முப்பத்து நாலு தடவையும் அவர்தான் போனை வைத்திருக்கிறார்.

அன்னைக்கே சொன்னேனே என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆறு வருடமாகத் தயாராக வைத்திருந்த வார்த்தை. விழுங்கிவிட்டார்.

நிம்ஃபை இன்னமும் உள்ளங்கையில் பிடித்திருந்தார். முள் குத்தி ஒரு பொட்டு ரத்தம் வந்திருந்தது. நிம்ஃபைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சொல்லும்மா,” என்றார். “எனக்கு ஒரு வேலையும் இல்ல.”