மறுபாதி சொன்ன குரல்

தொம்மை கோயில்ல புதுநன்மை, அதான் மொத நற்கருணை, வாங்குனப்போ அவருக்கு வயசு அம்பத்தி நாலு.

அதுவரைக்கும் கோயில் பக்கம் அவரு ஒதுங்குனதெல்லாம் மழைக்குத்தான். பொண்டாட்டி செத்த வருஷம் என்ன தோணுச்சோ, மறைக்கல்வி வகுப்புல போயி எட்டு வயசுப் பிள்ளைகளோட கடைசி பெஞ்சுல உக்காந்துட்டாரு. "தாத்தா, ரப்பர் இருக்கா?"ன்னு கேக்குற கூட்டாளிங்க. சலேத் டீச்சருக்கு அவரவிட இருபது வயசு கம்மி. தப்பாச் சொன்னா பிள்ளைகள நிக்க வெக்குற மாதிரி அவரையும் நிக்க வெச்சாங்க. அவரும் நின்னாரு.

டீச்சருக்கு இழுப்பு. ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொரு பாதியிலயும் நடுவுல ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்குவாங்க. பிள்ளைகளுக்கு அதுவும் ஜெபத்துல சேந்ததுன்னு நெனப்பு. அதே எடத்துல நின்னு, 'ஹ்ஹ'ன்னு இழுத்துட்டுத்தான் மிச்சத்தச் சொல்லும். அதுங்களப் பாத்து வீட்டுல அம்மாமாரும் படிச்சாச்சு. ஒரு டாக்டர் வந்து கேட்டிருந்தா தெருவையே ஆஸ்பத்திரியில சேத்திருப்பாரு.

நாலு வருஷம் ஓடுச்சு.

ஆனி மாசம் தொம்மையோட மகன் ரெமியும், பக்கத்து வீட்டு மதலேனம்மா மகன் அமலனும், ரெண்டு பேரும் சின்னதுல அதே டீச்சர்கிட்ட ஜெபம் படிச்சவங்க, ஒரே வள்ளத்துல கடலுக்குப் போனாங்க. மூணாம் நாள் வள்ளம் மட்டும் தானா கரைக்கு வந்துச்சு. உள்ள ரெண்டு தூக்குவாளி. ரெண்டும் கழுவிக் கவுத்தியிருந்துச்சு.

"ஒம்மவன்தான் எம்மவனக் கூட்டிட்டுப் போனான்"ன்னாரு தொம்மை. "ஒம்மவன்தான் எம்மவன ஒறக்கத்துல இருந்து எழுப்புனான்"ன்னா மதலேனம்மா. ரெண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கிடுச்சு. வாராவாரம் வீடு மாத்தி வீடு கூடி ஜெபிக்கிற அன்பியத்து ஆளுங்க ரெண்டு கதவையும் தட்டிப் பாத்தாங்க. கை வீங்குனதுதான் மிச்சம்.

முப்பத்தெட்டாம் நாள், பொழுது சாயுற நேரம், தொம்மை டீச்சர் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"வேட்டி ஏன் நனைஞ்சிருக்கு அண்ணாச்சி?"

"சந்தேகமே அதான்."

டீச்சர் ஸ்டூல இழுத்துப் போட்டாங்க. அவரு உக்காரல.

"ஜெபமாலையில ஒருத்தன் முதல் பாதி சொல்லணும், மத்தவங்க மறுபாதி சொல்லணும். தனியாக் கெடக்கிறவன் ரெண்டையும் அவனே சொல்லிக்கணும். நீங்க சொல்லித் தந்தது."

"ஆமா."

"நான் முதல் பாதிதான் சொல்லுதேன். மறுபாதி வருது."

"எங்க இருந்து?"

"கடல் பக்கத்துச் சன்னல் வழியா. அலைக்குள்ள இருந்து கரகரன்னு. நடுவுல சரியா அந்த எடத்துல நின்னு மூச்சு வாங்குது டீச்சர். ரெமி அப்பிடித்தான் வாங்குவான்."

முறத்துல அரிசி பொடச்சிட்டிருந்த டீச்சர் கை நின்னுச்சு.

"நேத்து கொரல் வந்த தெசைக்கு நடந்தேன். முழங்கால் தண்ணி. இன்னைக்கு இடுப்பு."

"நாளைக்கு?"

"நாளைக்கு எட்டிருவேன்."

சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துச்சு. ஒரு மாசமா வராத சிரிப்பு.

"அது யாரு டீச்சர்? எம்மவன்தான? அத மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு ஆறு மணி அடிக்கும்போது நான் வாரேன். அதுவரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது."

"ஜெபம் சொல்லாதன்னு சொன்ன மொத மறைக்கல்வி டீச்சர் நீங்கதான்."

மறுநாள் கோயில் மணி அடிச்சு ஓயுறதுக்குள்ள டீச்சர் வந்துட்டாங்க. சன்னலுக்குக் கீழ கவுந்து கெடந்த மீன்கூடை மேல உக்காந்தாங்க. கரையில சின்ன அலை தவிர, கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி அசையாமக் கெடந்துச்சு. காத்து மட்டும் கரைய ஒட்டி வீசுச்சு.

தொம்மை முதல் பாதி சொன்னாரு.

மறுபாதி வந்துச்சு.

ஆம்பளையா பொம்பளையா, கெழடா சிறுசா, ஒண்ணும் பிடிபடாத கொரல். உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி. நடுவுல நின்னுச்சு. 'ஹ்ஹ'ன்னு இழுத்துச்சு. மிச்சத்தச் சொல்லுச்சு.

தொம்மை சன்னல் வழியாத் தலைய நீட்டுனாரு.

"கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். அடுத்ததச் சொல்லாதீங்க."

"அவன் காத்துக் கெடப்பான்."

"கெடக்கட்டும்."

சொல்லாம இருந்தாரு. ஒரு அலை வந்துச்சு, போச்சு. இன்னொண்ணு வந்துச்சு, போச்சு. அப்புறம் அதே கொரல், ஜெபமா இல்லாம, பேச்சா வந்துச்சு.

"மக்கா... ஏன் நிறுத்திட்ட?"

தொம்மை டீச்சரப் பாத்தாரு.

"ரெமி என்னைய மக்கான்னு கூப்பிட மாட்டானே."

"யாரு யார அப்பிடிக் கூப்பிடுவா அண்ணாச்சி?"

"பெத்தவ, பெத்த பிள்ளைய..."

அங்க நின்னுட்டாரு. மூச்சு வாங்க வேண்டிய எடம் அது இல்ல.

"போயிராத மக்கா. அங்கயே நில்லு. அம்மா வாரேன்."

பக்கத்து வீட்டுல தாப்பாள் விழுற சத்தம். ஈர மணல்ல காலடி, வேகமா.

தொம்மை எப்பிடி ஓடுனாருன்னு அவருக்கே தெரியாது. முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி, எல்லாம் நேத்தே பழகுன பாதைதான். மதலேனம்மா கழுத்தளவுல நின்னா. அவுந்த மயிரு தண்ணியில மெதந்துச்சு. கண்ணு தூரத்துல எதையோ பாத்துச்சு. அவரு போயி கையப் பிடிச்சாரு.

"விடு! அமலன் நிக்கான். ஒரு மாசமா முதல் பாதி சொல்லுதான். என் வீட்டுச் சன்னல்ல நின்னு நான்தான் பதில் சொல்லுதேன். இன்னைக்கு நிறுத்திட்டான்."

"அவன் இல்ல."

"மூச்சு வாங்குற எடம் எனக்குத் தெரியாதா? எம்பிள்ளதான் அது!"

"நாந்தான் மதலேனம்மா. சொன்னதும் நாந்தான், நிறுத்துனதும் நாந்தான்."

அவ திரும்பிப் பாத்தா. பாத்துட்டு ஓங்கி ஒரு அறை விட்டா. அழுது அழுது கொரல் ஆம்பளக் கொரலாப் போயிருந்துச்சே தவிர, கை அப்பிடியேதான் இருந்துச்சு. ரெண்டாவது அறைக்குத் தூக்குன கை எறங்கி அவரு தோளப் பிடிச்சுக்கிடுச்சு.

கரையில டீச்சர் மணல்ல உக்காந்து இன்ஹேலர உறிஞ்சிட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட வந்து ஆளுக்கொரு பக்கம் உக்காந்தாங்க. கடலுக்கு முதுகக் காட்டி, வீட்டப் பாத்து. ரெண்டு வீட்டுக் கதவும் பப்பரப்பேன்னு தெறந்து கெடந்துச்சு.

"சொல்லுங்க அண்ணாச்சி"ன்னாங்க டீச்சர்.

தொம்மை முதல் பாதி சொன்னாரு. பொம்பளைங்க ரெண்டு பேரும் மறுபாதி எடுத்தாங்க. அந்த எடம் வந்துச்சு. நின்னாங்க. டீச்சர் ஒரு மூச்சு இழுத்தாங்க. மதலேனம்மா ஒரு மூச்சு இழுத்தா.

முதுகுக்குப் பின்னால, தண்ணிப் பக்கம், இன்னொரு மூச்சு இழுத்துச்சு.

மதலேனம்மா கை நீண்டு வந்து தொம்மையோட ஈர வேட்டி நுனியக் கெட்டியாப் பிடிச்சுச்சு.

மிச்சத்தச் சொல்லி முடிச்சாங்க. தொம்மை டீச்சர் பக்கம் சாஞ்சாரு.

"டீச்சர்... நாம மூணு பேருதான?"

டீச்சர் திரும்பிப் பாக்கல.

"ஒங்க பாதியச் சொல்லுங்க அண்ணாச்சி."